கைப்பிரதியைப் படித்துச் சொல்பவர்கள்: ஒரு வாசிப்புச் சேவையின் மதிப்பீடு

அச்சுக்குப் போகாத கைப்பிரதியைக் கட்டணம் பெற்றுக்கொண்டு படித்து, எழுத்து மூலம் கருத்துச் சொல்லும் சேவையொன்றைச் சென்னையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தி வருகிறார்கள். கடந்த ஆண்டு என் முதல் நாவலை அவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் விளம்பரம் செய்வதில்லை; ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதே வழக்கம். அதனாலும், கீழே நான் சொல்லவிருக்கும் குறைகளில் இரண்டு அவர்களுக்கு உவப்பாக இராது என்பதாலும் பெயரைத் தவிர்த்துவிட்டுச் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவர்களிடம் போவதற்கு முன்பு என் கைப்பிரதி மூன்று பேரைச் சுற்றி வந்திருந்தது. நெடுநாள் நண்பர் ஒருவர், நன்றாக வந்திருக்கிறது என்றும் கொஞ்சம் சுருக்கலாம் என்றும் சொன்னார். எங்கே சுருக்குவது என்று கேட்டதற்கு “அங்கங்கே” என்றார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர், வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் சிவப்பு மையால் திருத்தி, நாவலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பித் தந்தார். பதிப்பகம் ஒன்று ஓராண்டு வைத்திருந்துவிட்டு, இப்போதைக்கு வாய்ப்பில்லை என்று ஒற்றை வரியில் எழுதியது. இவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் பிறர் கைப்பிரதிகளுக்கு நானும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் இதுவரை செய்து வந்திருக்கிறேன்.

தமிழ்ப் பதிப்புலகில் செம்மையாக்கம் என்பது பெரும்பாலும் மெய்ப்புத் திருத்துவதோடு நின்றுவிடுகிறது. எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய க்ரியா போல, ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாக விவாதிப்பதைத் தன் வேலையின் பகுதியாகக் கொண்டிருந்த பதிப்பகங்கள் மிகக் குறைவு. அவரும் 2020 நவம்பரில் மறைந்துவிட்டார். லண்டனில் இதையே தனித் தொழிலாக, கட்டணம் வாங்கிக்கொண்டு கைப்பிரதிக்கு மதிப்பீட்டறிக்கை தரும் நிறுவனமாக, ரெபெக்கா ஸ்விஃப்ட் என்பவரும் அவருடைய தோழியும் 1996இலேயே தொடங்கிவிட்டார்கள். சென்னைக்காரர்கள் அந்த மாதிரியைத்தான் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

நடைமுறை இதுதான். எண்பதாயிரம் சொற்கள் வரையுள்ள கைப்பிரதிக்கு ஏழாயிரம் ரூபாய். ஒருங்குறிக் (யூனிகோட்) கோப்பாக மட்டுமே வாங்கிக்கொள்கிறார்கள். என் பழைய அத்தியாயங்கள் ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்ததால் அவற்றை மாற்றுவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. மாற்றியபின் ஸ்ரீதரன் என்ற பாத்திரத்தின் பெயர் எங்கு பார்த்தாலும் உடைந்து கிடந்தது. ஆசிரியர் பெயரை நீக்கிவிட்டு இரண்டு வாசகர்களிடம் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். படிக்கத் தொடங்கும் முன் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: இது என்ன வகைப் புத்தகம், யார் படிக்க வேண்டும் என்று எழுதினீர்கள், எதைப் பற்றிக் கருத்து வேண்டாம். மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் சற்றே திகைத்தேன். காசு கொடுத்துக் கருத்துக் கேட்பவனிடம் எதைச் சொல்லக் கூடாது என்று கேட்பது விநோதமாகப் பட்டது. யோசித்துவிட்டு, “முடிவை மாற்றச் சொல்லாதீர்கள்” என்று எழுதினேன். பதினொரு பக்க அறிக்கையில் ஓரிடத்திலும் அவர்கள் முடிவை மாற்றச் சொல்லவில்லை; ஆனால் அந்த முடிவை நம்புவதற்குத் தங்களுக்கு எது போதவில்லை என்று சொன்னார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

நாவல் அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 1974 முதல் 1978 வரை நடக்கிறது. உமியை எரித்து பாய்லர் போடும் தொழிலாளி ஒருவர்தான் நாயகர் என்று நினைத்து எழுதியிருந்தேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் குறையும் இல்லை, பாராட்டும் இல்லை. “நாங்கள் படித்தது” என்ற தலைப்பின் கீழ், என் கதையை அவர்கள் புரிந்துகொண்ட விதத்தில் முப்பது வரிகளில் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். அதன்படி அது ஆலை முதலாளியின் இளைய மகன் வீட்டை விட்டுப் போவதைப் பற்றிய கதை. பாய்லர்காரர் ஐந்தாவது வரியில் வந்து ஏழாவது வரியில் போய்விட்டார். முதலில் எனக்கு வந்தது கோபம்தான், கவனமில்லாமல் படித்திருக்கிறார்கள் என்று. பிறகு கைப்பிரதியை எடுத்து அத்தியாய வாரியாக எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு அத்தியாயங்களில் பதினாறு அந்த மகனின் பார்வையில்தான் நகர்ந்தன. பாய்லர்காரர் வரும் இடங்களில்கூட, அவரை அந்தப் பையன் களத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “உங்கள் நாயகர் வலுவாக இல்லை” என்று எழுதியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டியதால் வாதாடுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. ஏழாயிரம் ரூபாயும் இந்த ஒரு பக்கத்துக்கே ஈடாகிவிட்டது.

குறைகளைச் சொல்லும் பகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் சட்டகம் எனக்குப் பிடித்திருந்தது. பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாதவை என்று அடுக்கும் பத்துக் குற்றங்களையே தலைப்புகளாக வைத்திருக்கிறார்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் அந்தப் பட்டியல், பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இலக்கண நூல் எழுதுபவர்களுக்கானது என்றே தோன்றியது. நாவலின் மீது வைத்துப் பார்த்தால் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. என் கைப்பிரதிக்குப் பத்தில் நான்கு மட்டும் நிரப்பப்பட்டிருந்தன. மற்றவற்றின் கீழ் “இல்லை” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இடம் நிரப்புவதற்காகக் குறை தேடாததை ஒரு சிறப்பாகவே சொல்வேன்.

மாறுகொளக் கூறலின் கீழ், அதாவது முரண்படச் சொல்வதன் கீழ், இருந்த ஒரு குறிப்பைச் சொல்ல வேண்டும். ஏழாம் அத்தியாயத்தில், 1976இல், ஆலைக்கு வந்திறங்கும் மூட்டைகளில் அம்பை 16 என்ற நெல் ரகம் இருப்பதாக எழுதியிருந்தேன். சிறு வயதிலிருந்து வீட்டில் இட்லிக்குப் போட்ட குண்டு அரிசி அதுதான் என்பதால் அது எப்போதும் இருந்தது என்பதே என் நினைப்பு. அந்த ரகம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல்தான் வெளிவந்தது என்று முதல் வாசகர் குறித்திருந்தார். என் கதை முடிந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த நெல்லை நான் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று அவர் சொல்லவில்லை. அது ஆசிரியர் தேடிக்கொள்ள வேண்டியது என்று விட்டுவிட்டார். அப்போதே புழக்கத்தில் இருந்த ஐ.ஆர். 20 ரகம் என்று மாற்றிவிட்டேன்.

சென்று தேய்ந்து இறுதல், அதாவது போகப் போக வலுவிழந்து முடிதல், என்ற தலைப்பின் கீழ் ஒன்றரைப் பக்கம். இருபதாம் அத்தியாயத்துக்குப் பிறகு காட்சிகள் குறைந்து தகவல்கள் பெருகுவதாகவும், ஆலை மூடப்படும் நாள் மூன்றே பத்திகளில் முடிந்துவிடுவதாகவும், அதற்கு முன் ஆலையில் நெல் அவிக்கும் ஒரு சாதாரணக் காலைப்பொழுதுக்கு ஒன்பது பக்கம் ஒதுக்கிய ஆசிரியர் இதற்கு ஏன் அவசரப்பட்டார் என்று தங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு விளங்கியது. அந்தப் பகுதியை எழுதும்போது புத்தகக் கண்காட்சிக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

இனி இந்தச் சேவையின் விசேஷமான பகுதிக்கு வருகிறேன். இன்னொரு வாடிக்கையாளரின் கைப்பிரதியில் முதல் அறுபது பக்கங்களைப் படித்து நாமும் ஓர் அறிக்கை எழுதித் தந்தால் கட்டணத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். இதை “எதிர்வாசிப்பு” என்கிறார்கள். பெயர் இரு பக்கமும் மறைக்கப்பட்டிருக்கும். பணம் மிச்சமாகிறதே என்றுதான் ஒப்புக்கொண்டேன். நாம் எழுதும் அறிக்கையையும் அவர்கள் திருத்துவார்கள் என்பது தெரிந்திருந்தால் தயங்கியிருப்பேன்.

எனக்கு வந்தது ஒரு குடும்பக் கதை. இரண்டு அக்கா தங்கைகள், ஒரு சொத்து, தள்ளிப்போய்க்கொண்டேயிருக்கும் ஒரு திருமணம். நான் விரும்பிப் படிக்கும் வகை அல்ல. மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதி அனுப்பினேன். “வார இதழ்த் தொடர்கதையின் சாயல் தூக்கலாக இருக்கிறது”, “பாத்திரங்களில் ஆழம் இல்லை”, “பல இடங்களில் சலிப்பூட்டுகிறது”, “தங்கையை மையமாக்கி அக்காவின் மரணத்தில் தொடங்கியிருந்தால் நாவல் வேறு தளத்துக்குப் போயிருக்கும்” என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுதி முடித்தபோது நேர்மையாகச் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது.

நான்கு நாளில் அது ஓரக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. தொடர்கதைச் சாயல் என்ற வரிக்கு எதிரே, “ஆசிரியர் முதல் கேள்விக்கு ‘தொடர்கதை’ என்றே பதில் எழுதியிருக்கிறார், இது குறையா, வகையின் இயல்பா?” என்றிருந்தது. ஆழம் இல்லை என்பதற்கு எதிரே, “எந்தப் பாத்திரம், எந்தக் காட்சி?” சலிப்புக்கு எதிரே, “எந்தப் பக்கத்தில் கையிலிருந்து கீழே வைத்தீர்கள்?” கடைசி வரியின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, “இது உங்கள் நாவல்” என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை முழுவதும் எனக்கு முகம் சுண்டிப் போயிருந்தது. சேவையை நடத்தும் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து, இது கொஞ்சம் அதிகமில்லையா என்று கேட்டேன். “நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லவே இல்ல சார். அதை வெச்சுக்கிட்டு அவங்க நாளைக்குக் காலையில எந்தப் பக்கத்தைத் திறக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க” என்றார். அவர் நெடுங்காலம் ஒரு பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது கடினம்.

மறுபடியும் அறுபது பக்கங்களையும் பென்சிலோடு படித்தேன். நான் கீழே வைத்தது பதினான்காம் பக்கத்தில் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய காட்சியில் அக்காவும் தங்கையும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் சண்டையிடுகிறார்கள். பதினான்காம் பக்கத்தில் தங்கை அந்தச் சண்டையை அப்படியே தன் கணவனிடம் தொலைபேசியில் சொல்கிறாள். நாம் கண்ணால் பார்த்ததை மூன்று பக்கத்துக்குக் காதாலும் கேட்க வேண்டியிருக்கிறது. இதே பழக்கம் இருபத்தொன்பதிலும் நாற்பத்தேழிலும் திரும்ப வந்தது. பன்னிரண்டு பவுன் சங்கிலியை இருவரும் மாறி மாறிக் கழுத்தில் போட்டுப் பார்க்கும் ஒரு காட்சி, முதல் வாசிப்பில் நான் தாண்டிப் போனது, உண்மையில் மிக நன்றாக இருந்தது: அக்கா கழற்றித் தரும்போது கொக்கி முடியில் சிக்கிக்கொள்ள, இருவரும் சிரித்துவிடுகிறார்கள், சொத்துப் பேச்சு அப்படியே நின்றுபோகிறது. புதிய அறிக்கை ஒன்றேகால் பக்கம்தான் வந்தது. முதலில் எழுதிய மூன்று பக்கத்தில் இருந்தவை என் ரசனை, என் பொறாமை, எனக்கு வராத நாவல் ஒன்றின் சுருக்கம் ஆகியவையே. புதிய அறிக்கை சலிப்பு எங்கே, ஏன் என்பதைப் பக்க எண்ணோடு சொன்னது. திருமணத் தேதி குறிக்கும் அத்தியாயத்தை நீக்கலாம் என்ற என் கருத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன்; அது கருத்தாகத்தான் சொல்லப்பட்டது.

நம்முடைய மரபில் குற்றம் காண்பது பெரும்பாலும் அவையில் நடந்த மற்போராகவே நினைவில் நிற்கிறது. பிழையாகப் பாடிய புலவர்களைப் பிள்ளைப் பாண்டியன் குட்டினார், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே எடுத்தார் என்று சொல்லி, அவர்கள் இப்போது இல்லையே என ஒரு தனிப்பாடல் ஏங்கவே செய்கிறது. தொல்காப்பிய அரங்கேற்றத்தில் அதங்கோட்டாசான் கேள்வி மேல் கேள்வி கேட்டதாகச் சொல்லப்படும் கதையிலும் வெல்வதும் தோற்பதுமே சுவை. அறைக்குள் உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒருவருக்கு, அவர் எழுத நினைத்ததை இன்னும் நன்றாக எழுத உதவும் சிறிய வேலைக்கு நம்மிடம் கதைகள் இல்லை.

அறிக்கை வந்து பத்து நாள் கழித்து ஒரு மணி நேரத் தொலைபேசி உரையாடல் உண்டு. இரு வாசகர்களும் இணைவார்கள். இதில் முதல் இருபது நிமிடம் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. அமெரிக்காவில் டேமன் நைட் முதலியோர் 1956இல் மில்ஃபோர்ட் என்ற ஊரில் தொடங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் கூடுகையில் உருவான வழக்கம் இது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல, எழுதியவர் கடைசியில்தான் பதில் சொல்லலாம். 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறை வழியாக இது மேலும் பரவியது. நோக்கம் எனக்குப் புரிகிறது. புத்தகத்தோடு ஆசிரியரும் வாசகர் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அல்லவா.

ஆனால் அன்று நடந்தது வேறு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில், பாய்லர்காரர் “வெஞ்சனம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்” என்று ஒரு வரி. வெஞ்சனம் என்பது எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டாம் வாசகர் அதை ‘வெஞ்சினம்’ என்பதன் எழுத்துப் பிழையாக எடுத்துக்கொண்டுவிட்டார். கூலி கிடைக்காத நாளிலும் கடுங்கோபம் இல்லாமல் சாப்பிட்டு எழும் அந்த மனிதரின் பொறுமை, நாவலின் பிற்பகுதியில் அவர் வெடிப்பதற்கு எப்படி எதிரிணையாக அமைகிறது என்று ஏறக்குறைய எட்டு நிமிடம் பாராட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது அழகாகவும் இருந்தது, எனக்கு உரியதாகவும் இல்லை. நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த இன்னொரு முறையில், பார்த்தவர்கள் தங்களுக்கு எது பதிந்தது என்று முதலில் சொன்ன பிறகு, படைத்தவரே கேள்வி கேட்கிறார். பிறகு பார்த்தவர்கள் கருத்து ஏற்றாத கேள்விகளைக் கேட்கிறார்கள். அபிப்பிராயம் கடைசியில், அதுவும் அனுமதி கேட்டுத்தான். வட்டார மொழியில் எழுதப்பட்ட பிரதிக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருத்தம் என்று அவர்களிடம் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்கள்.

இதோடு சேர்ந்ததுதான் என் முதல் மனக்குறை. அதே இரண்டாம் வாசகர் உரையாடல்களில் “சொல்லுதாவ”, “நிக்கான்”, “வாராவ” என்று வரும் இடங்களையெல்லாம் “சொல்றாங்க”, “நிக்கிறான்”, “வர்றாங்க” என்று திருத்தியிருந்தார். புரியவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அது வாசக அனுபவம், நான் மதிப்பேன். திருத்தியது அத்துமீறல். எதிர்வாசிப்பில் என் வரியை அடித்து “இது உங்கள் நாவல்” என்று எழுதிய அதே சேவை, தன் வாசகருடைய திருத்தங்களை அதே அளவுகோலால் அளக்காமல் எனக்கு அனுப்பிவிட்டது. சுட்டிக்காட்டியபோது ஒரே நாளில் மன்னிப்புக் கேட்டு, அந்தத் திருத்தங்களை நீக்கிய கோப்பை அனுப்பினார்கள். நெல்லைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. முன்கூட்டியே கேட்கும் மூன்று கேள்விகளோடு வட்டார வழக்கைப் பற்றி நான்காவது ஒன்றைச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது.

இரண்டாவது குறை காலதாமதம். ஐந்து வாரம் என்றார்கள், எட்டு வாரம் ஆயிற்று. ஏழாவது வாரத்தில் நான் கேட்கும் வரை தாமதம் பற்றிய தகவலும் இல்லை. கைப்பிரதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனின் மனநிலை அவர்களுக்குத் தெரியாததல்ல.

கவிதைத் தொகுப்புக்கு இவர்களைப் பரிந்துரைக்க மாட்டேன். அறிக்கையின் அமைப்பு உரைநடைக்கே ஏற்றது. பதிப்பகம் பிடித்துத் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களும் ஏமாறுவார்கள், அதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். முழு நாவலை முடித்து, குறைந்தது ஒரு முறை தானே திருத்தி, இனி எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு இந்தக் கட்டணம் தகும். எதிர்வாசிப்பைத் தவிர்க்க வேண்டாம்.

அந்தக் குடும்பக் கதையின் ஆசிரியர் சில மாதங்களுக்குப் பிறகு சேவை வழியாக எனக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். பதினான்காம் பக்கத்துத் தொலைபேசிப் பேச்சும் மற்ற இரண்டும் போய்விட்டனவாம். திருமணத் தேதி குறிக்கும் அத்தியாயம் அப்படியே இருக்கிறதாம், அதை எடுக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் பாய்லர்காரரின் பார்வையில் ஒன்பது அத்தியாயங்களைத் திரும்ப எழுதி முடித்திருக்கிறேன். அவற்றை மட்டும் மறு வாசிப்புக்குச் சென்ற மாதம் அனுப்பினேன். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். நாட்காட்டியில் ஆறாவது வாரத்தில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.